கட்டியை எடுத்தால் கால் தப்புமா?

தொடையில் ரத்தக்கட்டி இருப்பதாக டாப்ளர் அறிக்கை வந்த வீட்டில் இப்போதெல்லாம் இரண்டு பேச்சு கேட்கிறது. "மாத்திரை போட்டா கரைஞ்சிடும், ஆறு மாசம் விடாம சாப்பிடணும்" என்பது ஒன்று. "கத்தியே வைக்காம, சின்னதா ஒரு ஓட்டை போட்டு கட்டிய உறிஞ்சி எடுத்துடலாம், ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்பது மற்றொன்று. முதலாவது மருந்துக்கடைச் செலவோடு முடியும். இரண்டாவது லட்சங்களில் வந்து நிற்கும். நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாயங்காலம்தான்.

இந்த இரண்டாவது பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதை எடைபோடுவதற்கு நெமிலிச்சேரி நல்ல இடம். குரோம்பேட்டைப் பக்கத்து நெமிலிச்சேரியைச் சொல்லவில்லை; ஆவடி தாண்டி, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில், வண்டலூர் வெளிவட்டச் சாலை திருவள்ளூர் நெடுஞ்சாலையைத் தொடும் நெமிலிச்சேரி. மின்சார ரயிலில் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குள் சென்ட்ரல். எதிரே வாஸ்குலர் சர்ஜரி துறை உள்ள அரசு பொது மருத்துவமனை. ஆக, நவீன சிகிச்சை எட்டாத ஊர் என்று சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவர்களும், ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களும், பிரசவம் முடிந்து படுத்திருக்கிறவர்களும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களும் கலந்து வாழும் புறநகர் அது. இந்த நோய்க்கு ஆள் பஞ்சமே இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சென்னையின் புறநகர்ச் சாலைகளில் "ஆபரேஷன் இல்லாமல் லேசர்" என்று பலகை வைத்திருப்பது வெரிகோஸ் நரம்புக்கு. அது தோலுக்கு அடியிலேயே ஓடும் மேல்மட்டச் சிரை. அதை அடைத்துவிட்டாலும் ரத்தம் வேறு வழியில் போய்விடும். டி.வி.டி. என்பது தசைக்குள் புதைந்து ஓடும் பெரிய சிரையில் வரும் கட்டி. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒன்றுக்கான விளம்பரத்தைப் படித்துவிட்டு மற்றொன்றைப் பற்றி முடிவெடுப்பவர்கள் உண்டு.

"மாத்திரை போட்டா கரைஞ்சிடும்" என்பதும் பாதி உண்மைதான். ஹெபாரின், வார்ஃபரின், அசிட்ரோம், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எதுவும் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமலும் புதிதாக உறையாமலும் தடுக்கின்றன. கரைப்பதை உடம்பு தானே மெதுவாகச் செய்துகொள்கிறது. உயிரைக் காப்பாற்ற இது போதும், அதில் சந்தேகமில்லை. 2010-இல் வெளியான ஐன்ஸ்டைன் ஆய்வில் 3,449 டி.வி.டி. நோயாளிகள் இருந்தார்கள். ரிவராக்ஸபான் எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும், பழைய முறைப்படி ஊசியும் வார்ஃபரின் வகை மாத்திரையும் எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும்தான் மறுபடி கட்டி வந்தது. 2013-இன் ஆம்ப்ளிஃபை ஆய்வில் அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பெரிய ரத்தக்கசிவு 0.6 சதவீதம், பழைய முறையில் 1.8. எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபரினோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம். ஐ.என்.ஆர். பார்க்க லேபுக்கு அலைய வேண்டாம், கீரைக்குப் பயப்பட வேண்டாம். காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலையும் இறங்கிவிட்டது. ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இன்றும் பழைய மாத்திரைதான் பாதுகாப்பு.

அப்படியானால் எதற்காகக் கட்டியை எடுக்க வேண்டும்? காலுக்காக. கட்டி சிரைக்குள் கிடந்து தழும்பாகும்போது உள்ளே இருக்கும் வால்வுகள் கெட்டுவிடுகின்றன. ரத்தத்தை மேலே மட்டும் விடும் ஒருவழிக் கதவுகள் அவை. கதவு மூடாவிட்டால் நிற்கும்போதெல்லாம் ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், தோல் கருத்துத் தடிக்கும், சிலருக்கு ஆறாத புண் வரும். இதை மருத்துவர்கள் பி.டி.எஸ். என்கிறார்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஐந்தில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை ஏதோ ஓர் அளவில் இதற்கு ஆளாகிறார்கள். நின்று வேலை செய்து பிழைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கட்டியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் வால்வு தப்பும், வால்வு தப்பினால் கால் தப்பும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் மொத்த வாதமும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிரூபணமாகிறதா என்பதே கேள்வி.

இந்தக் குழாய் சிகிச்சை நடக்கும் அறையான கேத்லாபில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பின்குழியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி சிரைக்குள் ஒரு குழாயை ஏற்றுகிறார்கள். பழைய முறையில், பக்கவாட்டில் பல துளைகள் உள்ள மெல்லிய குழாயைக் கட்டிக்குள்ளேயே கிடத்தி, கரைக்கும் மருந்தை ஒரு நாளோ இரண்டு நாளோ சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதுவரை ஐ.சி.யு.வில் கிடக்க வேண்டும். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆஞ்சியோஜெட் கருவியில் உப்பு நீர் வேகமாகப் பீய்ச்சிக் கட்டியை உடைத்து உறிஞ்சுகிறது. சிவப்பணுக்களும் கூடவே உடைவதால் மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குடும்பமே பதறிவிடும். ஈகோஸ் குழாய் அல்ட்ராசவுண்ட் அதிர்வைச் சேர்த்துக்கொள்கிறது. கிளாட்ரீவர் என்ற கருவி, கரைக்கும் மருந்தே இல்லாமல், நிட்டினால் கம்பி வளையத்தால் கட்டியைச் சுரண்டி வலைப்பைக்குள் இழுத்து வருகிறது. எடுத்தபின் இடுப்புச் சிரை குறுகியிருந்தால் பலூன், தேவைப்பட்டால் ஸ்டென்ட். இடது காலில் இந்த நோய் அதிகம் வருவதற்கே ஒரு காரணம், இடது இடுப்புச் சிரையின் மேல் வலது இடுப்புத் தமனி குறுக்கே ஏறி அழுத்துவது. 1957-இல் மே, தர்னர் இருவரும் விவரித்த கோளாறு அது.

ஒரு குழாய்க்குள் செய்கிற வேலையாக இது பிரமாதம். வெளியே இழுத்த கட்டியை டிரேயில் வைத்துப் படம் எடுத்து உறவினருக்குக் காட்டும்போது, எதிர்வாதம் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் டிரேயில் கிடக்கும் கட்டி காலின் எதிர்காலத்தைச் சொல்லாது. அதற்கு இரண்டு வருடம் காத்திருந்து அந்தக் காலைப் பார்க்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்து பார்த்தவர்கள் உண்டு. நார்வேயின் கேவென்ட் ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. 209 பேர். குழாய் வழியே மருந்து பெற்றவர்களில் இரண்டு வருட முடிவில் 41.1 சதவீதத்தினருக்கு பி.டி.எஸ்.; மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55.6. ஐந்து வருடத்தில் 43-க்கு 71 என்று இடைவெளி இன்னும் விரிந்தது. சிகிச்சையின் ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில் வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது இரு அணிக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு அட்ராக்ட் ஆய்வு வந்தது. சுரேஷ் வேதாந்தம் தலைமையில், அமெரிக்காவின் 56 மையங்களில், 692 நோயாளிகள். முடிவு 2017 டிசம்பரில் வெளியானது. குழாய் சிகிச்சை பெற்றவர்களில் பி.டி.எஸ். 47 சதவீதம், பெறாதவர்களில் 48. பத்து நாளுக்குள் பெரிய ரத்தக்கசிவு 1.7-க்கு 0.3. இதைவிடத் தெளிவாக ஒரு முடிவு வர முடியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உள்ளே இன்னொரு எண் இருக்கிறது. மிதமான, கடுமையான பி.டி.எஸ்.ஸை மட்டும் எடுத்துக்கொண்டால் 18-க்கு 24. கட்டி இடுப்புவரை ஏறியிருந்த 391 பேரைத் தனியாகப் பார்த்தால் 18-க்கு 28. அதாவது சிகிச்சை பி.டி.எஸ். வராமல் தடுக்கவில்லை, சிலருக்கு அதன் கடுமையைக் குறைத்திருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு தரப்பும் எனக்குத் திருப்தி தரவில்லை. "அட்ராக்ட் தோற்றது, கதை முடிந்தது" என்பவர்கள், தொடையோடு நின்ற கட்டியையும் இடுப்புவரை ஏறிய கட்டியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிய சராசரியை வைத்துப் பேசுகிறார்கள். வில்லால்டா என்ற அளவுகோலில் ஐந்து உபாதைகள், ஆறு அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் ஐந்து வந்தாலே பி.டி.எஸ். சாயங்காலம் கொஞ்சம் கனக்கிற காலும், பிடிப்பு அதிகமாகி வீங்கித் தோல் தடித்த காலும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதே சமயம், "இடுப்புக் கட்டியில் பலன் நிரூபணமாகிவிட்டது" என்று சொல்பவர்கள் ஒரு துணைக்குழுவின் எண்ணை மொத்த ஆய்வின் தலையில் ஏற்றி வைக்கிறார்கள். அந்தத் துணைக்குழுவிலும் பி.டி.எஸ். வந்தவர்களின் மொத்த விகிதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தனக்குக் குழாய் போட்டார்களா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியும்; வலியைச் சொல்பவரும் அவர்தான். நெதர்லாந்தின் காவா ஆய்வு இடுப்புத் தொடைக் கட்டிகளை மட்டுமே எடுத்து, அல்ட்ராசவுண்ட் குழாயால் சிகிச்சை தந்தது. 152 பேரின் ஒரு வருடக் கணக்கில் பி.டி.எஸ். 29-க்கு 35 சதவீதம். அவ்வளவு சிறிய குழுவில் அது தற்செயலாகவும் வரக்கூடிய இடைவெளி.

"அதெல்லாம் பழைய கருவி சார், இப்ப வந்திருக்கிறது வேற" என்பது அடுத்த பதில். மருந்தே இல்லாமல் கட்டியை எடுக்கும் கருவிகளில் ரத்தக்கசிவு அபாயம் குறையும் என்று நம்ப நியாயம் இருக்கிறது. ஆனால் கிளாட்ரீவருக்காக 500 பேரைச் சேர்த்த கிளவுட் பதிவேடு கருவியைத் தயாரித்த நிறுவனமே நடத்தியது. ஒப்பிட எதிரணி கிடையாது. கருவி போட்டவர்களை மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறார்கள்" என்று சொன்னால், போடாமலே எத்தனை பேர் நன்றாக இருந்திருப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தத் தயாரிப்பாளரான இனாரியை 2025-இல் ஸ்ட்ரைக்கர் சுமார் 490 கோடி டாலருக்கு வாங்கியது. பணம் போட்டவர்களின் நம்பிக்கைக்கு அது சான்றாகலாம். கால் தப்பியதற்குச் சான்றாகாது.

வடிகட்டியைப் பற்றியும் இரண்டு வரி. கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க வயிற்றின் பெருஞ்சிரையில் வைக்கும் குடைக்கம்பி போன்ற கருவி அது. பிரான்ஸின் 1998 ஆய்வில், 400 பேரில், அது முதல் சில நாட்களில் நுரையீரல் அடைப்பைக் குறைத்தது. இரண்டு வருடத்தில் காலில் மறுபடி கட்டி வருவதை 11.6-லிருந்து 20.8 சதவீதமாக்கியது, இறப்பைக் குறைக்கவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தே கொடுக்க முடியாத நோயாளிக்கு மட்டும்தான் அதற்கு இடம். வைத்தவர் எடுக்கவும் தேதி குறித்திருக்க வேண்டும்.

இந்தக் குழாய் சிகிச்சை ஆய்வுகள் ஒன்றிலும் நம் ஊர் நோயாளி இல்லை. கேவென்டிலும் அட்ராக்டிலும் ஆல்டெப்ளேஸ் கொடுத்தார்கள். இங்கே விலையைப் பார்த்து யூரோகைனேஸோ ஸ்ட்ரெப்டோகைனேஸோ கொடுப்பது வழக்கம். அதைவிட முக்கியமாக, அட்ராக்டிலும் காவாவிலும் உபாதை தொடங்கி 14 நாளுக்குள் வந்தவர்களுக்கே அனுமதி. கேவென்டில் 21 நாள். நாளாக ஆக கட்டி இறுகிச் சிரையின் சுவரோடு ஒட்டிவிடும்; அப்புறம் மருந்தும் கரைக்காது, கருவியும் முழுதாக எடுக்காது. இங்கே அந்த 14 நாள் எப்படிப் போகிறது?

கெண்டைக்கால் வலிக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள். கட்டியுள்ள காலில் செய்யக்கூடாத முதல் காரியம் அது. வீக்கம் ஏறினால் யானைக்காலோ என்ற பயம். அடுத்து, தோல் சிவந்திருப்பதால் கிருமித்தொற்று என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். எலும்பு முறிவுக்கு ஆந்திர எல்லை தாண்டிப் போய்ப் புத்தூர்க் கட்டு போட்டு வந்தவருக்கோ, மாவுக்கட்டு போட்டவருக்கோ, வீக்கம் கட்டுப் போட்டதால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அசையாத காலில் ரத்தம் உறைவது யாருக்கும் தோன்றுவதில்லை. கோயில் திருவிழாவுக்காகவோ கல்யாணத்துக்காகவோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்ட பெண்ணிடம் அதைப் பற்றி யாரும் கேட்பதேயில்லை. அந்த மாத்திரைகளில் உள்ள நோரெதிஸ்டிரோன் அதிக அளவில் சேரும்போது ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. மருந்துக்கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தத் தாமதத்துக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: டி.வி.டி. வெள்ளைக்காரர் நோய், நம்மவர்களுக்கு அபூர்வம். அதை உடைத்தது நெமிலிச்சேரிக்கு மேற்கே, அதே ரயில் தடத்தில் காட்பாடி இறங்கிப் போகும் வேலூர் சி.எம்.சி. 1996 முதல் 2005 வரை அங்கே சேர்ந்த நோயாளிகளின் பதிவுகளைத் தேடிப் பார்த்ததில், பத்தாயிரம் பேருக்கு 17.46 பேர் என்ற விகிதத்தில் டி.வி.டி. உறுதியானது. பெரும்பாலானோர் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட இல்லை. பதிவேட்டில் ஏறியது இவ்வளவு. டாப்ளரே எடுக்காதவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இந்திய மருத்துவமனைகளில் நடந்த எண்டார்ஸ் ஆய்வில், கட்டி வரும் அபாயத்தில் படுத்திருந்தவர்களில் 17.4 சதவீதத்தினருக்கு மட்டுமே உரிய முன்தடுப்பு கிடைத்திருந்தது. உலகச் சராசரி ஐம்பது.

டாப்ளர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. இருட்டறையில் தொடையில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்துகிறார்கள். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும். கட்டி உள்ள சிரை அசைந்து கொடுக்காது. முக்கியமான பதில் அதிலேயே கிடைத்துவிடும். பிரிட்டனின் வழிகாட்டி நான்கு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. முடியாவிட்டால் மருந்தை முதலில் தொடங்கிவிட்டு ஒரு நாளுக்குள் ஸ்கேன் பார்க்கச் சொல்கிறது. "ரேடியாலஜிஸ்ட் சாயங்காலம்தான் வருவார், நாளைக்கு ஞாயித்துக்கெழமை" என்ற பதிலுக்குப் பழகிய ஊரில் அந்த இரண்டாவது விதிதான் உயிர் காக்கும். அதை அறிந்த மருத்துவர் நம் பக்கத்து கிளினிக்கில் இருக்கிறாரா என்பதுதான் எந்தக் கருவி சிறந்தது என்பதைவிடப் பெரிய கேள்வி.

என் தீர்ப்பு இது. முழங்காலுக்குக் கீழோ தொடையோடோ நின்ற கட்டிக்குக் குழாய் சிகிச்சை தேவையில்லை; செலவும் ரத்தக்கசிவு அபாயமும் உறுதி, பலன் உறுதியில்லை. அதற்கு "பேக்கேஜ்" சொல்பவரிடம் இன்னொரு மருத்துவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பலாம். கட்டி இடுப்புவரை ஏறி, வயது குறைவாக, உபாதை கடுமையாக, இரண்டு வாரத்துக்குள் வந்து, ரத்தக்கசிவு ஆபத்தும் குறைவாக இருந்தால் பேச இடமிருக்கிறது. அங்கேயும் வாக்களிக்கக்கூடியது கடுமை குறைவதை மட்டுமே, முழுக் குணத்தை அல்ல. இந்த எல்லா நிபந்தனையும் ஒருசேரப் பொருந்துகிறவர்கள் சிலர்தான். எடுத்த பின்னும் மாத்திரை உண்டு என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். குழாய் போட்டாயிற்று என்று மருந்தை நிறுத்தியவருக்கு ஸ்டென்டுக்குள்ளேயே மறுபடி உறையும். இருபத்தைந்து வயதில் வைத்த ஸ்டென்டோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர் யாரையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மாத்திரை எடுப்பவரைப் படுக்கையில் கிடத்தி வைப்பதும் பழைய பழக்கம்தான். மருந்து தொடங்கியபின் எழுந்து நடக்கலாம். முழங்கால்வரை இறுக்கும் ஸ்டாக்கிங்ஸ் பி.டி.எஸ்.ஸைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் 2014-இல் 806 பேரை வைத்த சாக்ஸ் ஆய்வில் ஆட்டம் கண்டது. வீக்கத்துக்குச் சுகமாக இருந்தால் போடலாம்; சித்திரை வெயிலில் கழற்றி வைத்தவரைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதில் நான் சொன்ன நிதானமெல்லாம் செல்லாது. கால் முழுக்க வீங்கி நீலம் பாரித்து, தாங்க முடியாத வலியோடு, பாதம் குளிர்ந்து வந்தால் சிரையின் அடைப்பு தமனியின் ஓட்டத்தையும் நிறுத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். விரலையோ காலையோ இழக்கச் சில மணி நேரம் போதும். அந்த நோயாளிக்கு மாத்திரைச் சீட்டு எழுதி அடுத்த வாரம் வரச் சொல்வது, தேவையில்லாதவருக்குக் குழாய் போடுவதைவிடக் கொடிய தவறு. ஹெபாரின் ஊசியைப் போட்டுவிட்டு, காலை உயர்த்தி வைத்து, வழியில் இரண்டு மூன்று நர்சிங் ஹோமில் "அட்மிஷன்" கேட்டு நிற்காமல், வாஸ்குலர் சர்ஜனும் கேத்லாபும் ராத்திரியிலும் இருக்கிற மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு 108-ஐ நேராக அங்கே விட வேண்டும். நெமிலிச்சேரியிலிருந்து கிழக்கே போனால் சென்ட்ரலுக்கு எதிரே ஒன்று இருக்கிறது.